காலையில் எடுக்கவேண்டிய இரத்தம்



எலும்புத் தேய்மானத்துக்கு வாரமொரு மாத்திரை சாப்பிடும் ஒரு தாயார், "ஐயா, அளவு பாதியாக இறங்கிவிட்டது" என்று ஸ்தோத்திரத்தோடு வந்தார்கள். லேபில் தயங்கினார்கள். முதல் இரத்தம் காலை வெறும் வயிற்றில் எடுத்தது. இரண்டாவது, பஸ் தாமதமானதால், மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

நம் எலும்பு நாள்தோறும் கரைந்து மறுபடியும் கட்டப்படுகிறது. கரையும்போது இரத்தத்தில் கலக்கும் துணுக்கை அளப்பதே சி.டி.எக்ஸ். பரிசோதனை. அந்த அளவு பின்னிரவில் உயர்ந்து பிற்பகலில் தாழும், சாப்பிட்டாலும் தாழும். எலும்பு முறிந்திருந்தால் பல மாதம் உயர்ந்தே நிற்கும். சிறுநீரகம் பழுதானாலும் அப்படியே. ஆகவே மன்னாவைப்போல இதையும் காலையிலேயே சேர்க்கவேண்டும்! அப்படி எடுத்தாலும், கால் பங்குக்குக் குறைந்த மாற்றத்தை டாக்டர்கள் பெரிதாக எண்ணுவதில்லை.

மறுபடி காலையில் வெறும் வயிற்றில் எடுத்தபோது அளவு இறங்கவேயில்லை. விசாரித்தால், வெறும் தண்ணீரோடு, ஆகாரத்துக்கு அரை மணி முன் விழுங்கவேண்டிய மாத்திரையைக் காப்பியோடு விழுங்கி வந்திருக்கிறார்கள். மருந்து உடம்பில் சரியாகச் சேரவில்லை.

தூரத்துக் கிராமத்தார் முந்தின இரவே வந்து தங்குவதற்கு உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி செலவாகிறது. அந்தத் தாயாரின் அடுத்த பரிசோதனைக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.