வீக்கத்துக்கும் வரி

பணி ஓய்வுக்குப் பிறகு திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் வீடெடுத்துத் தங்குபவர்கள் செங்கம் சாலையில் பலர். சேமிப்பு எங்கே என்று கேட்டால், “ஈக்விட்டி ஃபண்டுல கிடக்கு சார், வருஷத்துக்குப் பன்னிரண்டு பர்சன்ட்” என்பார்கள். அந்தப் பன்னிரண்டை நம்பி மாதச் செலவைத் திட்டமிடுவது ஆபத்து.

10 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் பத்து ஆண்டில் சுமார் 31 லட்சம். லாபம் 21 லட்சம். விற்கும்போது 1.25 லட்ச விலக்கைக் கழித்து, மீதிக்கு 12.5 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ்: ஏறக்குறைய 2.57 லட்சம். இதுவரை எல்லோரும் போடும் கணக்குதான். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் (ரிசர்வ் வங்கி பொறுத்துக்கொள்ளும் உச்சவரம்பு அது) அன்றைய 10 லட்சத்துக்கு ஈடாகவே 17.9 லட்சம் வேண்டும். ஆக, 21 லட்சத்தில் கிட்டத்தட்ட 8 லட்சம் லாபமே அல்ல, வெறும் விலை உயர்வு. வருமான வரித்துறைக்கு அந்த வேறுபாடு கிடையாது. மிஞ்சும் 13 லட்சத்தோடு ஒப்பிட்டால் வரி 12.5 அல்ல, 20 சதவீதத்தை ஒட்டி வருகிறது. பங்கு வெறும் 6 சதவீதமே வளர்ந்திருந்தால் உண்மை லாபம் சைபர். அப்போதும் சுமார் 87,000 ரூபாய் வரி கட்ட வேண்டும்.

நிலத்துக்குச் சலுகை உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் இங்கே மனை வாங்கிய உள்நாட்டுவாசி, விலைவாசியைச் சரிக்கட்டி 20 சதவீதமோ, சரிக்கட்டாமல் 12.5 சதவீதமோ, குறைவானதைக் கட்டலாம். பங்குக்காரருக்கு 2018-இல் வரி மறுபடி விதிக்கப்பட்டபோதே அந்த வசதி தரப்படவில்லை. ஏன் இந்தப் பாரபட்சம் என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை.

12 சதவீதம் வந்தே தீரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா காலத்தில், 1992 ஏப்ரலில், சென்செக்ஸ் 4,400-ஐத் தாண்டியது. 2003 ஏப்ரலில் 3,000-க்கும் கீழே. இடையில் விலைவாசி ஏறத்தாழ இரட்டிப்பு. கிடைத்த டிவிடெண்ட் அந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்காது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1.25 லட்ச விலக்கு ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனி. பயன்படுத்தாவிட்டால் அடுத்த ஆண்டுக்குச் சேராது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் விற்காமல், மார்ச் 31-க்குள் அந்த அளவு லாபத்தை மட்டும் எடுத்து, பணம் தேவையில்லை என்றால் மறுபடி வாங்கிப் போடலாம்.