குறி பார்க்கும் கண் எங்கே நிற்க வேண்டும்?

கொச்சி நகரின் மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் செல்வோர் அதன் சுவர்களில் தீட்டப்பெற்ற இராமாயணக் காட்சிகளைக் கண்டு நெடுநேரம் நிற்பது வழக்கம். அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவில், ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில், இந்தியக் கடற்படையின் பீரங்கிப் பயிற்சிப் பள்ளி அமைந்திருக்கிறது. அதன் பெயர் ஐ.என்.எஸ். துரோணாச்சாரியா. 2023 மார்ச்சு 16-ஆம் நாள் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதற்குக் குடியரசுத் தலைவரின் கொடியை வழங்கிச் சிறப்பித்தார்.

வில்லாசிரியரின் பெயர் அப்பள்ளிக்குப் பொருத்தமானதே. ஆயினும் ரைபிள் பயிலும் மாணவன் துரோணர் கதையை அப்படியே பின்பற்றுவானாயின் அவன் குறி தவறும். மரமும் கிளையும் தெரியவில்லை, பறவையின் தலை மட்டுமே தெரிகிறது என்றான் அருச்சுனன். குறிகாட்டி இல்லாத வில்லுக்கு அது தகும். ரைபிளுக்கோ பறவை சற்று மங்கலாகத் தெரிவதே நலம்.

பழைய .303 ரைபிளிலும் அதன் வடிவில் அமைந்த .22 பயிற்சி ரைபிளிலும் கண்ணருகே ஒரு பிளவும், குழல் முனையில் ஒரு சிறு தகடும் உண்டு. பயிற்சிக் களத்தில் இவற்றைப் பேக்சைட், ஃபோர்சைட் என்றே வழங்குவர். தகடு பிளவின் நடுவில் நிற்க வேண்டும். அதன் உச்சி பிளவின் இரு தோள்களோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அவ்வுச்சியின்மேல் இலக்கின் கரும்புள்ளி அமர வேண்டும். பிளவு, தகடு, புள்ளி ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு தொலைவில் உள்ளவை. கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவையே தெளிவாகக் காணவல்லது. எனவே எதைத் தெளிவாகக் காண்பது என்பதே கேள்வி.

இதற்குக் கணக்கே விடை தரும். இரு குறிகாட்டிகளுக்கும் இடையே அரை மீட்டர் எனக் கொள்வோம். தகடு பிளவின் நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டர் தொலைவில் குண்டு 20 சென்டிமீட்டர் விலகும். 25 மீட்டரில் 5 சென்டிமீட்டர். குறிகாட்டிகள் ஒழுங்காக நின்று, இலக்கில் மட்டும் 1 சென்டிமீட்டர் பிசகினால், குண்டும் அந்த 1 சென்டிமீட்டரே பிசகும். பெரும்பிழை பிறக்குமிடம் தகடு. ஆகவே கண் தகட்டின் உச்சியில் நிலைக்க வேண்டும்.

இதனை மாணவர்க்கு உணர்த்தத் துப்பாக்கி வேண்டுவதில்லை. நீட்டிய கையில் ஒரு பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அதன் முனையையும் கரும்பலகை எழுத்தையும் ஒருங்கே தெளிவாகக் காணச் சொல்லலாம். எவராலும் இயலாது. பின்னர் அட்டையில் ஊசித்துளை இட்டு அதன்வழியே பார்த்தால் இரண்டும் முன்னிலும் தெளிவடையும். போட்டி ரைபிள்களில் பிளவுக்குப் பதிலாகத் துளை வைப்பதன் காரணம் இதுவே. நாற்பது வயது கடந்த ஆசிரியர்க்குத் தகடு மங்கலாகத் தெரியின் கையைக் குறை கூறவேண்டா. கண் மருத்துவரிடம் குழல் முனையின் தொலைவைச் சொல்லிக் கேட்கலாம். நூல் படிக்கும் கண்ணாடி பெரும்பாலும் அதற்கு உதவாது.

வெயிலும் ஏமாற்றும். இடப்புறமிருந்து ஒளி விழும்போது தகட்டின் இடவிளிம்பு மின்னும். மின்னும் விளிம்பையே முழுத்தகடு என எண்ணி நடுவில் நிறுத்துவோனின் குண்டு வலப்பக்கம் செல்லும். தகட்டைப் புகையில் காட்டிக் கரியேற்றுவது இதற்குப் பழைய வைத்தியம். இன்றும் பயன் தருவது.

பயிற்சிக்குக் கிடைக்கும் தோட்டா அளவானது. ஆதலின் ஒவ்வொரு குண்டையும் தனித்தனியே எடைபோடாமல், ஐந்து குண்டுகளும் எப்படித் திரண்டுள்ளன என்று காண்க. ஓரிடத்தில் நெருங்கி விழுந்து, அவ்விடம் புள்ளிக்கு அப்பால் இருப்பின் மாணவன் நன்றாகவே சுடுகிறான். திருத்த வேண்டியது பெரும்பாலும் குறிகாட்டியை. சிதறி விழுந்திருப்பின், விசையை அழுத்தும் வேளையில் அவன் கண் எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். புள்ளியில் என்பதே பெரும்பாலும் வரும் விடை.