குருட்டுக் கொக்குக்குக் கண் தெரியாதா?

குருட்டுக் கொக்கைப் பார்த்திருக்கிறீர்களா? பெயரைக் கேட்டதும் 'ஐயோ பாவம்' என்று தோன்றும். ஆனால், அதற்குக் கண் படு கூர்மை!

சென்னையில், அடையாறு கழிமுகத்தை ஒட்டி தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் சாக்கடையும் சேர்ந்து மூச்சடைத்துக் கிடந்த இடம் அது. குப்பையை அள்ளி, தண்ணீருக்கு வழிவிட்டு, மரம் செடிகளை நட்டு, 2011-ல் திறந்தார்கள். அங்கே நீரோரப் பாதையில் நடக்கும்போது சேற்றைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்றுமே இருக்காது. இன்னும் ஓரடி வையுங்கள். அந்தச் சேற்றிலிருந்தே பளீரென்று ஒரு வெள்ளைப் பறவை எழும்பும்!

அதுதான் மடையான் என்கிற குருட்டுக் கொக்கு. முதுகு சேற்றின் பழுப்பு. இறக்கையோ பால் வெள்ளை. இறக்கையை மடக்கி உட்கார்ந்துவிட்டால் வெள்ளை போன இடம் தெரியாது. அந்த மறைவை நம்பித்தான், ஆள் பக்கத்தில் வரும்வரை அசையாமல் நிற்கிறது. இதைப் பார்த்த நம் ஊர்க்காரர்கள், பாவம், கண் தெரியவில்லை போல என்று பெயரே வைத்துவிட்டார்கள்! அதனிடம் மாட்டும் மீனைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் முதுகு கருஞ்சிவப்பாக மாறிவிடும். அப்போது கண்டுபிடிப்பது கொஞ்சம் சுலபம்.