கேஸ் நிற்பது உங்கள் சொல்லில்

பிரித்தானியாவில் அகதித் தஞ்சம் கேட்பதற்கென்று தனி விசா கிடையாது. கொழும்பிலோ சென்னையிலோ இருக்கும் தூதரகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் முடியாது. பிரித்தானிய மண்ணில் கால் வைத்த பிறகுதான் கேட்கலாம். மாணவர் விசாவில் வந்தவரும் கேட்கலாம், கள்ளக் கடவுச்சீட்டில் வந்தவரும் கேட்கலாம். ஆனால் வழியில் பாதுகாப்பான வேறொரு நாட்டில் தங்கி வந்தவரின் கோரிக்கையை எடுக்கவே மறுக்கும் விதி இருக்கிறது. ஆங்கிலக் கால்வாயைப் படகில் கடந்து வந்தவர்களில் சிலரை, 2025-ல் செய்த ஒப்பந்தப்படி பிரான்சுக்கே திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். ஆகவே எந்த வழியாக வந்தீர்கள் என்ற கேள்வியும் கேஸின் ஒரு பகுதிதான்.

யார் அகதி என்பதை 1951-ம் ஆண்டு உடன்படிக்கை தீர்மானிக்கிறது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு ஒன்றைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் பெயரால் ஒருவர் துன்புறுத்தப்படுவார் என்று அஞ்ச நியாயம் இருக்க வேண்டும். சொந்த நாட்டு அரசு அவரைக் காப்பாற்றாது, நாட்டின் இன்னொரு மூலைக்குப் போயும் தப்ப முடியாது என்பதும் தெரிய வேண்டும். கடனும் வேலையின்மையும் எவ்வளவு கொடியவையாக இருந்தாலும் இந்த ஐந்தில் அடங்கா. 2022-ல் இலங்கை திவாலானபோது வெளியேறியவர்களில் பலருக்கு இது புரியவே இல்லை. பசிக்கு ஓடி வந்த கதையை மட்டும் சொன்னால் தஞ்சம் கிடைக்காது.

அந்த அச்சத்தை எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும்? பிரித்தானியச் சட்டத்தில் இதற்கான பதில் தமிழர்களின் வழக்கு ஒன்றிலிருந்தே வந்தது. 1988-ல் பிரபுக்கள் சபை விசாரித்த சிவகுமாரன் வழக்கு அது. ஆறு தமிழர்களின் கோரிக்கையை அதில் நிராகரித்தார்கள். ஆனாலும், திரும்பிப் போனால் துன்புறுத்தப்படும் சாத்தியம் நியாயமான அளவுக்கு இருந்தாலே போதும், நூற்றுக்கு ஐம்பதைத் தாண்ட வேண்டியதில்லை என்ற அளவுகோலை அந்தத் தீர்ப்புதான் உறுதிசெய்தது. அவர்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பிறகு மேன்முறையீட்டில் வென்று 1989-ல் லண்டனுக்கு மீண்டும் வந்தார்கள். ஈரானியரும் சூடானியரும் எரித்திரியரும் இன்றைக்கும் அந்த அளவுகோலில்தான் நிற்கிறார்கள்.

ஆனால் 2022-ம் ஆண்டுச் சட்டம் அந்த அளவுகோலைக் கொஞ்சம் இறுக்கிவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 28 முதல் கேட்பவர்கள் இரண்டு படிகளைத் தாண்ட வேண்டும். உங்களுக்கு உண்மையிலேயே அச்சம் இருக்கிறதா, அந்த ஐந்து காரணங்களில் ஒன்று உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை, இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டும். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு மட்டும் பழைய, இளகிய அளவுகோல் தொடர்கிறது. நடைமுறையில் இதன் அர்த்தம், நீங்கள் சொல்வதை நம்பலாமா என்ற கேள்வி முன்னைவிடக் கனமாகிவிட்டது.

அந்த நம்பிக்கை இரண்டு நேர்காணல்களில் உருவாகிறது, அல்லது உடைகிறது. முதலாவது, விமான நிலையத்திலோ குறோய்டன் அலுவலகத்திலோ நடக்கும் பதிவு நேர்காணல். கைரேகை, படம், பெயர், பிறந்த தேதி, வந்த வழி, உடல்நிலை எல்லாம் கேட்பார்கள். ஏன் ஊருக்குத் திரும்ப முடியாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லச் சொல்வார்கள். இரண்டாவது, வாரங்களோ பல மாதங்களோ கழித்து வரும் பெரிய நேர்காணல். அது பல மணி நேரம் நீளும், ஒலிப்பதிவும் உண்டு. சனங்கள் ஹோம் ஒபிஸ் என்று சொல்லும் உள்துறை அலுவலகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கும்.

தமிழர் கேஸ்கள் பல சறுக்குவது இங்கேதான். பயணக் களைப்பில், பயத்தில், "ஆமி பிடிச்சது, அடிச்சது" என்று மட்டும் முதல் நாளில் சொல்லிவிட்டு, பெரிய நேர்காணலில் மூன்று முறை தடுப்பில் இருந்ததாகச் சொன்னால், மற்ற இரண்டும் பிறகு சேர்த்தவை என்று மறுப்புக் கடிதத்தில் எழுதிவிடுவார்கள். சுருக்கமாகச் சொல்லச் சொன்னாலும் தலைப்புகள் எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். எத்தனை முறை பிடித்தார்கள், எந்த அமைப்போடு தொடர்பு, வீட்டில் வேறு யாரைத் தேடினார்கள், சித்திரவதை நடந்ததா. விவரம் பிறகு வரலாம், தலைப்பு பிறகு வரக்கூடாது.

பெரிய நேர்காணலிலோ விவரம்தான் உயிர். "மாமா காசு குடுத்து எடுத்தவர்" என்ற ஒரு வரியோடு நிறுத்துபவர்கள் ஏராளம். அதிகாரி கேட்கப்போவது வேறு. மாமாவுக்கு நீங்கள் இருக்கும் இடம் எப்படித் தெரிந்தது? காசு யார் மூலம் போனது? உங்களை எங்கே கொண்டுவந்து விட்டார்கள், பகலா இரவா, கண் கட்டியிருந்ததா? இதையெல்லாம் மாமாதான் பிறகு சொன்னார் என்றால், மாமா சொன்னார் என்றே சொல்லுங்கள். நீங்கள் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்துச் சொல்பவரை நம்புவது எளிது. தேதி நினைவில்லாவிட்டால் ஊகித்து ஒரு தேதியைப் போடாதீர்கள். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த பிறகு வந்த முதல் மாரி, தங்கையின் சோதனை நடந்த மாதம் என்று தெரிந்ததோடு கட்டிச் சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் கெட்ட கேஸ்களைவிட, தெரிந்ததுபோலச் சொன்னதால் கெட்டவை அதிகம் என்பது என் எண்ணம்.

மொழிபெயர்ப்பாளர் ஈழத்துத் தமிழ் விளங்கியவராக இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமைக்கு உட்பட்டது. அவர் சொல்வது உங்களுக்குப் பிடிபடாவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள், முடிந்த பிறகு சொன்னால் எடுபடாது. ஆண் அதிகாரியா பெண் அதிகாரியா வேண்டும் என்றும் முன்கூட்டியே கேட்கலாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தடுப்பில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் வெட்கத்தால் அதை மறைத்துவிடுகிறார்கள். ஊர்க்காரர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தால் வாய் இன்னும் கட்டிப்போகும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் வெளியே பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் இருப்பவர். தாமதமாகச் சொன்னாலும் நீதிபதிகள் அதைப் புரிந்துகொள்வது உண்டு, ஆனால் அதற்குள் ஆண்டுகள் போய்விடும். நேரில் சொல்ல முடியாவிட்டால் சட்டத்தரணியிடம் எழுத்தில் கொடுங்கள்.

உடலில் தழும்பு இருப்பவர் மருத்துவ அறிக்கை இல்லாமல் போகக் கூடாது. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்காக 1985 முதல் இயங்கும் ஃபிரீடம் ஃப்ரம் டோர்ச்சர் போன்ற அமைப்புகளின் மருத்துவர்கள் அதை எழுதுகிறார்கள். இலங்கைத் தமிழர் ஒருவரின் முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்புகள் இருந்தன. தஞ்சம் பெறுவதற்காக அவரே யாரையோ கொண்டு சுடவைத்திருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் அவரை நம்ப மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படித் தன்னையே சுடவைப்பது மிக மிக அரிது, அந்த உண்மைக்கு உரிய கனம் கொடுக்க வேண்டும், தழும்பு எப்படி வந்தது என்று அவர் சொல்வதோடு அது பொருந்துகிறதா என மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்று 2019 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கேஸை மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். வேறு நாட்டவருக்கும் இன்று கைகொடுக்கும் தீர்ப்பு இது.

நடந்தவை உண்மை என்று ஏற்றுக்கொண்ட பின்னும் ஒரு கேள்வி மிஞ்சும். இப்போது திரும்பினால் ஆபத்தா? இலங்கை பற்றி மேல் தீர்ப்பாயம் 2013-லும் 2021-லும் வழிகாட்டித் தீர்ப்புகள் கொடுத்திருக்கிறது. முன்பு விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தது மட்டும் போதாது. பிடியாணையோ நீதிமன்றக் கட்டளையோ உள்ளவரின் பெயர் விமான நிலையத் தடைப் பட்டியலில் இருக்கும், அவருக்கு ஆபத்து. புலம்பெயர் நாட்டில் தமிழ்த் தனிநாட்டு அரசியலில் குறிப்பிடத்தக்க பங்கு வகிப்பதாக இலங்கை அரசு கருதுபவருக்கும் ஆபத்து. ஒருமுறை ஊர்வலத்துக்குப் போய் எடுத்த படம் அந்தப் பங்கைக் காட்டாது. ஆனால் உண்மையான அரசியல் நம்பிக்கை உள்ள ஒருவர், பயத்தால் அதை வாய்விடாமல் மறைத்துத்தான் ஊரில் வாழ முடியும் என்றால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஒருபாலீர்ப்பு ஆண்கள் இருவருக்காக 2010-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி அது.

கதை விற்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்னொருவருக்கு வென்று கொடுத்த கேஸை உங்களுக்கும் மனப்பாடம் செய்யத் தருவார்கள். ஒரே கதை ஒரே சொற்களில் பலரிடமிருந்து வந்தால் அதிகாரிக்குப் புரியாமல் போகாது. உண்மையிலேயே அடிபட்ட ஒருவர், தன் கதை போதாது என்று பயந்து பொய் ஒன்றைச் சேர்த்ததால் முழுவதையும் இழப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனையைத் தொழிலாக நடத்துவது 1999-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வருமானம் இல்லாதவருக்கு அரசுச் செலவில் சட்ட உதவி உண்டு, கேட்டுப் பெறுங்கள்.

தஞ்சம் கிடைத்தால் பல காலமாக ஐந்து ஆண்டு அனுமதி கொடுத்துவந்தார்கள். அதை இரண்டரை ஆண்டாக்கி, முடிவில் மீண்டும் பரிசீலிக்கப்போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் காலத்தை மட்டும் நம்புங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் முதல் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யப் பொதுவாக 14 நாள்தான் இருக்கிறது. கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருக்காதீர்கள். அது கிடைத்த அன்றைக்கே சட்டத்தரணியைக் கூப்பிடுங்கள்.