வேப்பிலையும் புயற்கூண்டும்: கொள்ளைநோய்க் காலத்து அச்சம் பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்துள்ளார். கண்ணுக்குப் புலனாகாது வருத்தும் அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன அவை. கொள்ளைநோய் பரவுங்கால் மக்கள் உள்ளத்தில் எழும் அச்சத்தை இந்நான்கனோடும் பொருத்தி நோக்கினால், அது பிற அச்சங்களினும் கொடியதாதல் ஏன் என்பது விளங்கும். நோய்க்கிருமி புலனாகாமையின் அணங்கை ஒக்கும். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் சீன நாட்டில் தோன்றிய கொரோனா நோயின் பிறப்பைப் பற்றிய பேச்சு விலங்குகளையே முதலில் சுட்டியது. கொள்ளை என்னும் சொல் மிகுதியையும் உணர்த்துமெனினும், கொள்ளைநோய் என்னுமிடத்துக் கேட்போர் செவியில் கள்வர் தொழிலே முற்பட்டு ஒலிக்கின்றது. நோயைத் தடுக்க அரசு விதிக்கும் ஊரடங்கும் காவலும் இறையச்சத்தை விளைக்கின்றன. தனித்தனியே வரவேண்டிய நால்வகை அச்சமும் ஒருங்கே வந்து சேர்தலைக் கொள்ளைநோயில் காண்கிறோம்.

இவற்றிற்கெல்லாம் அடிப்படையாக நிற்பது ஐயநிலை. நோய் யாருக்கு வரும், எப்போது வரும், வந்தால் என்னாகும் என்பன தெரியாத நிலையில் மனிதன் நெடுநாள் இருத்தல் அரிது. அந்நிலையைத் தாங்குதற்குச் சமுதாயம் சில சொற்களையும் குறிகளையும் படைத்துக்கொள்கிறது. வடசென்னையில் வழங்கும் வேப்பிலை, புயற்கூண்டு என்னும் இரு குறிகளையும், 2020-ஆம் ஆண்டில் நோயாளர் வீட்டு வாயிலில் ஒட்டப்பெற்ற அறிவிப்புத் தாளையும் ஒப்பிட்டு, நோய்க்குறி ஒன்று மக்களுக்குத் துணையாவது எப்போது என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சம் செல்லும் இரு வழிகள்

நம் இலக்கியங்கள் கொள்ளைநோயை அறியாதன அல்ல. சிலப்பதிகாரத்து உரைபெறு கட்டுரை, மதுரை எரியுண்ட பின்னர்ப் பாண்டி நாட்டில் மழை பொய்த்து வறுமை மிக்கு, வெப்பு நோயும் குருவும் தொடர்ந்த செய்தியைக் கூறுகின்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு விழாச் செய்தான் என்பது அதன் தொடர்ச்சி. பொற்கொல்லன் ஒருவன் செய்த பிழைக்கு அத்தொழிலார் ஆயிரவர் உயிரிழந்தனர். காரணம் அறியப்படாத நோய்க்கு ஒரு காரணத்தைக் கற்பித்து, அதனை ஒரு கூட்டத்தார்மேல் ஏற்றுதல் அச்சம் செல்லும் ஒரு வழி என்பதற்கு இது சான்றாம்.

மற்றொரு வழியைப் பெரியபுராணம் காட்டுகின்றது. கொங்கு நாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் திருஞானசம்பந்தருடன் இருந்த அடியாரைக் குளிர்சுரம் பற்றியபோது, அவர் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார் என்பது வரலாறு. அங்கு எவர்மேலும் பழி சுமத்தப்படவில்லை. நோயுற்றாரும் நோயுறாதாரும் ஒரே கூட்டமாக நின்று ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டனர். பழியாக மாறும் அச்சம் ஊரைப் பிளக்கும். பொதுச்செயலாக மாறும் அச்சம் ஊரைச் சேர்க்கும்.

இவ்வேறுபாடு பழங்கதையளவில் நிற்பதன்று. 2020 ஏப்ரல் திங்களில், கொரோனா நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாது சென்னை மக்களிற் சிலர் கல்லெறிந்து தடுத்தனர். நோய் தீர்க்க முயன்றவரே நோயின் உருவாகக் கருதப்பட்டார். அவ்வாறு தடுத்தலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தமிழ்நாடு அரசு அத்திங்களிலேயே அவசரச் சட்டம் பிறப்பித்தது.

இடத்தின் இயல்பு

இராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை கடலையொட்டிச் செல்லும் நிலப்பகுதியில் துறைமுகமும், மீன்பிடி துறையும், ஆலைகளும், அனல்மின் நிலையங்களும், அவற்றிடையே மீனவர் குப்பங்களும் நெருங்கியுள்ளன. கப்பலும் இருப்புப்பாதையும் கூடுமிடம் ஆதலின், சரக்கோடு நோயும் வந்திறங்கும் வாயிலாக இப்பகுதி நெடுங்காலம் இருந்துவந்தது. தொற்றுநோய்க்கென்றே மாநகராட்சி நடத்திவரும் மருத்துவமனை தண்டையார்பேட்டையில் அமைந்திருத்தல் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

இங்குள்ள ஸ்டான்லி மருத்துவமனைக்கு மக்கள் இட்டு வழங்கிய பெயர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பதாகும். 1782-ஆம் ஆண்டளவில் பஞ்சத்தால் வாடியோர்க்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தினின்றும் வளர்ந்தது அம்மருத்துவமனை. அங்கு மருத்துவப் பணி 1799-இல் தொடங்கிற்று. மருத்துவக் கல்லூரி 1938-இல் அமைந்தது. ஆளுநர் ஒருவரின் பெயரை அரசு சூட்டிய பின்னரும், பசித்தோர்க்கு வார்த்த கஞ்சியை மக்கள் மறக்கவில்லை. பசியையும் பிணியென்றே வழங்கிய மணிமேகலை ஆசிரியரின் நோக்கு இப்பெயரில் வாழ்கின்றது எனலாம்.

வேப்பிலை என்னும் குறி

அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலைக் கொத்துச் செருகுதல் தமிழகமெங்கும் உள்ள வழக்கம். வடசென்னைத் தெருக்களிலும் அது மறையவில்லை. இவ்வழக்கத்தைச் சூழ்ந்துள்ள சொற்கள் ஆராயத்தக்கன. நோய் வந்தது என்னாது ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்பர். கொப்புளம் என்னாது ‘முத்து’ என்பர். நோய் தணிதலை ‘இறங்குதல்’ என்பர். தேறியபின் நீராட்டுதலைத் ‘தலைக்குத் தண்ணீர் விடுதல்’ என்பர். இவை இடக்கரடக்கலும் மங்கலமும் கலந்த வழக்குகள். அஞ்சத்தக்க ஒன்றை விருந்தாக வந்த தாயின் பெயரால் சுட்டுவதால், நோயுற்றவன் குற்றவாளி ஆவதில்லை. தாய் வந்த வீட்டைப் பழிப்பார் இலர்.

இக்குறி இரு திசையில் பேசுகின்றது. ‘உள்ளே வாராதீர்’ என்பது அதன் முதற்பொருள். விருந்தினர் வாரார், வீட்டார் பிறர் மனைக்குச் செல்லார். உனக்கு இன்னது கடன் என்று அயலார்க்கு உணர்த்துதல் இரண்டாம் பொருள். வீட்டார் தாளிப்பதை விடுவர். அதனை உணர்ந்து அடுத்த வீட்டாரும் நெடி எழாதவாறு சமைப்பர். இளநீரும் மோரும் கேழ்வரகுக் கூழும் வாயிற்படிவரை வந்து சேரும். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் என எண்ணித் தண்ணீர் விடுதலால் நோய்க்கு ஒரு முடிவு நாளும் குறிக்கப்படுகின்றது. முடிவு தெரிந்த துன்பத்தைத் தாங்குதல் எளிது.

ஆயினும், வேப்பிலை நோயைத் தீர்த்ததென்று கொள்ளுதல் பிழை. பெரியம்மையை உலகினின்றும் ஒழித்தது தடுப்பூசியே. இந்தியாவில் இறுதி நோயாளர் 1975-இல் காணப்பட்டார். 1980 மே திங்களில் உலக நலவாழ்வு நிறுவனம் அந்நோய் அற்றொழிந்ததாக அறிவித்தது. அம்மையை அன்னையின் வருகையாகக் கருதியமை சிலரைத் தடுப்பூசியினின்றும் விலக்கியதும் உண்டு. இத்தடையை அறிந்த எல்லிஸ் என்பார், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சத்தியும் தன்வந்திரியும் உரையாடும் முறையில் பசுவம்மைப் பாலின் பயனை விளக்கும் நூலொன்று இயற்றினார். திராவிட மொழிகளின் தனிக்குடும்பத்தை 1816-இல் எடுத்துக்காட்டிய அறிஞரும் அவரே. மக்களின் மொழியில் பேசினாலன்றி மக்கள் மனம் கொள்ளாது என்னும் அவர் கருத்து நன்று. எனினும், தாம் எழுதியதைப் பண்டை மரபுபோலக் காட்டியது ஒப்புதற்குரியதன்று. உண்மையை மக்கள் மொழியில் உரைத்தல் வேறு, மக்கள் மொழியைப் போர்வையாக்குதல் வேறு.

புயற்கூண்டு என்னும் குறி

கடலோர மக்கள் ஐயநிலையை அறிவியல் வழியில் ஏற்றுப் பழகியதற்குப் புயற்கூண்டு சான்றாகும். சென்னை, எண்ணூர் முதலிய துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் குறிகள் பதினொன்று. ஒன்றும் இரண்டும் தொலைவிலுள்ள புயலைச் சுட்டும். மூன்றும் நான்கும் துறைமுகத்திற்கு வரக்கூடிய இடரை முன்னறிவிக்கும். ஐந்து முதல் ஏழுவரை இடரையும், எட்டு முதல் பத்துவரை பேரிடரையும் உணர்த்தும். மீனவர் எண்ணைக் கேட்ட அளவிலேயே படகைக் கரையேற்றுவதா, கட்டுமரத்தை உள்ளே இழுப்பதா என முடிவு செய்வர்.

இங்கு நோக்கத்தக்கது பதினொன்றாம் எண். வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அக்குறியின் பொருள். அறியும் வாயில் அடைபட்டமையையே ஓர் எண்ணாக வகுத்து உயர ஏற்றும் முறை இது. தெரியாததைத் தெரியாது என்று அறிவித்தலால் மக்களின் நம்பிக்கை குறைவதில்லை; இன்னும் விழிப்போடு இருக்கின்றனர். படிப்படியாக உரைத்தல், ஒவ்வொரு படிக்கும் செயலைக் காட்டுதல், அறியாமையையும் மறையாது கூறுதல் ஆகிய மூன்றும் இக்குறியின் சிறப்பாம்.

குறி இல்லாவிடத்து நேர்வதையும் எண்ணூர் கண்டது. 2023 டிசம்பர் 26-ஆம் நாள் இரவு, கடலடிக் குழாயினின்றும் கசிந்த அம்மோனியா வாயு பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய ஊர்களில் பரவியது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் கொண்டு விழித்த மக்கள் இரவோடிரவாக வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். கடலின் சீற்றத்திற்குப் பதினொரு குறியுள்ள கரையில், ஆலையின் நச்சுக்கு மக்கள் அறிந்த குறி ஒன்றில்லை.

அறிவிப்புத் தாளும் புதுச்சொற்களும்

தமிழ்நாட்டில் கொரோனா நோய் முதன்முதல் 2020 மார்ச்சு 7-ஆம் நாள் உறுதி செய்யப்பட்டது. அத்திங்கள் 25-ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு நிலவியது. மே, சூன் திங்கள்களில் சென்னை மாநகராட்சியின் பதினைந்து மண்டலங்களுள் இராயபுரம் மண்டலமே நோயாளர் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது. சூன் 19-ஆம் நாள் முதல் சென்னையிலும் அண்டை மாவட்டப் பகுதிகளிலும் ஊரடங்கு மீண்டும் கடுமையாக்கப்பட்டது. நாள்தோறும் மாலையில் மண்டல வாரியாக எண்கள் வெளிவந்தன. புயற்கூண்டும் எண்ணே, ஆயின், கூண்டின் எண் செய்யவேண்டியதைச் சொல்லும். மண்டலத்தின் எண்ணோ அஞ்சவேண்டியதை மட்டும் சொல்லிற்று. ‘இராயபுரம்’ என்னும் ஊர்ப்பெயரே பிற பகுதியார்க்கு நோயின் பெயராயிற்று.

நோயாளர் வீட்டு வாயிலில் ஒட்டிய தாளும் இவ்வாறே. ‘உள்ளே வாராதீர்’ என்னும் வேப்பிலையின் முதற்பொருள் அதில் இருந்தது. அயலார்க்குக் கடன் உணர்த்தும் இரண்டாம் பொருள் இல்லை. தாள் ஒட்டிய வீட்டாரைப் பிறர் தீண்டத்தகாதவர்போல் நடத்துகின்றனர் என்பதை 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டியது. உரிய அதிகாரியின் தனி ஆணையின்றி அத்தகைய தாள்களை ஒட்டலாகாது என்றும் அது கூறிற்று.

அக்காலத்துப் பெருகிய சொற்களும் இத்தன்மையனவே. ‘தனிமைப்படுத்தல்’ என்னும் சொல்லை நோக்குக. தனிமை என்பது நம் அக இலக்கியத்தில் பிரிவுத் துயரின் பெயர். நோய் பரவாமற் காக்கும் செயலுக்கு அத்துயரின் பெயர் வாய்த்தது. ஓரறையில் ஐவர் வாழும் வீட்டில் தனிமை இடத்தால் இயலாது. உள்ளத்தால் மட்டும் நேரும். ‘சமூக இடைவெளி’ என்பது இன்னும் இடர்ப்பாடுடைத்து. உடல்கள் விலகி நிற்றலே கருதப்பட்டதெனினும், சமூகத்தில் இடைவெளி என்பது சாதிப் பிரிவினையின் நினைவைச் சுமந்த தொடராகும். உடல் இடைவெளி என்றிருப்பின் கருத்தும் தெளிவாகும்; காயமும் நேராது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், உற்றவன், தீர்ப்பான், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். கொரோனாக் காலத்தில் முறிந்தது நான்காம் கூறு. உறவினர் அருகிருக்க இயலவில்லை, அயலார் அஞ்சினர். செய்வதற்கு நல்ல செயல் காட்டப்படாதபோது அச்சம் தானே ஒரு செயலைத் தேடிக்கொள்ளும். மருத்துவமனை நோயாளர்க்கு ரெம்டெசிவிர் மருந்தை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கவில்லை என 2020 நவம்பரிலேயே கூறியிருந்தும், 2021-இல் இரண்டாம் அலையின்போது அம்மருந்துக்காகச் சென்னையில் மக்கள் இரவுபகலாக நெருங்கி வரிசையில் நின்றனர். உற்றார்க்கு ஏதேனும் செய்ய வேண்டுமென்னும் ஆர்வமே அவர்களை அங்கு நிறுத்தியது. அவ்வார்வம் பழிக்கத்தக்கதன்று, நெறிப்படுத்தத் தக்கது.

நெறிப்பட்ட இடங்களும் இருந்தன. மாநகராட்சி தெருத்தோறும் நடத்திய காய்ச்சல் முகாம்கள், ‘காய்ச்சல் கண்டால் இங்கே வருக’ என்னும் ஒரு தெளிந்த செயலைக் காட்டின. ஊரடங்கில் அம்மா உணவகங்கள் விலையின்றி உணவளித்தமை கஞ்சித்தொட்டியின் வழிவந்த செயலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கொள்ளைநோய்க் காலத்து அச்சத்தை முற்றும் நீக்குதல் இயலாது. அதற்கு ஒரு வழி காட்டுதல் இயலும். நல்ல நோய்க்குறி மூன்றனை உணர்த்தவேண்டும். இடரின் அளவையும் அறியாததையும் புயற்கூண்டுபோல் மறையாது கூறுதல் ஒன்று. வேப்பிலைபோல் நோயுற்றாரைப் பழியினின்றும் காத்து, அயலார் செய்யத்தக்கதையும் முடியும் நாளையும் சுட்டுதல் மற்றொன்று. அச்செயல் மெய்யான மருத்துவ அறிவோடு மாறுபடாதிருத்தல் மூன்றாவது. இவற்றுள் ஒன்று குறையினும் குறி பயன் தாராது.

இனியொரு நோய் வருங்கால், அதற்குரிய தமிழ்ச் சொற்களை ஆக்கும் பொறுப்பு மருத்துவர்க்கும் அரசுக்கும் மட்டுமன்றித் தமிழ் பயில்வோர்க்கும் உண்டு. ஒரு சொல் வீட்டு வாயிலில் ஒட்டப்படுமுன், அதனைப் படிக்கும் அடுத்த வீட்டார் என் செய்வர் என்று வினவிப் பார்த்தல் வேண்டும். ‘இவ்வீட்டில் நோயுண்டு; உள்ளே செல்லாதீர்; உணவும் மருந்தும் வாயிற்படியில் வைத்து உதவுக; இன்ன நாளில் காவல் நீங்கும்’ என எழுதுவதற்கு ஒரு தாளே போதும் என்பது இக்கட்டுரையின் துணிபு.