திரைவாசிப்பானுக்கு எட்டாத தமிழ்க் கோப்புகள்

பார்வையற்றவரை வேலைக்கு ஆயத்தப்படுத்துவது என்றால், ஒரு காலத்தில் பிரம்பு நாற்காலி பின்னவும் சாக்பீஸ் வார்க்கவும் சொல்லித்தருவது என்றே பொருள். அவர்களுக்குக் கிடைத்தவற்றில் மதிப்பான வேலை தொலைபேசி ஆபரேட்டர் வேலைதான். விரல் பழக்கமும் எண்களை நினைவில் வைக்கும் பயிற்சியும் இருந்தால் போதும். மாதச் சம்பளம் உறுதி. தானியங்கி இணைப்பகங்கள் வந்ததும் அந்த வேலை மெல்ல மறைந்தது. இன்று வங்கிக் கிளை, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம், மென்பொருள் நிறுவனம் எனப் பார்வை மாற்றுத்திறனாளிகள் வேலை பார்க்கும் இடங்கள் பெருகியிருக்கின்றன. எந்த இடமானாலும் அவர்கள் கை முதலில் தேடுவது கணினியின் விசைப்பலகையை. அந்தக் கணினியைப் பேசவைப்பது திரைவாசிப்பான் என்ற மென்பொருள்.

விண்டோஸ் கணினிக்கான 'ஜாஸ்' 1990-களின் நடுவிலேயே வந்துவிட்டது. ஆனால் அதன் உரிமத்துக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவாகும். ஒரு பயிற்சி மையம் நான்கைந்து கணினிகளில் அதை நிறுவுவதே பெரும்பாடு. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கிய 'என்விடிஏ' இந்தத் தடையை உடைத்தது. அது இலவசம், பென் டிரைவில் எடுத்துச்சென்று எந்தக் கணினியிலும் இயக்கலாம், தமிழையும் வாசிக்கும். கூடவே வரும் தமிழ்க் குரல் கரகரப்பானது, இயந்திரத்தனமானது. கேட்டுப் பழகியவர்கள் அதைச் சாதாரணப் பேச்சைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். இன்னும் இயல்பான குரல் வேண்டுமென்றால் விண்டோஸிலேயே 'வள்ளுவர்' என்ற பெயரில் தமிழ்க் குரல் ஒன்று உண்டு.

திரைவாசிப்பானோடு வேலை செய்பவர் சுட்டியைத் தொடுவதே இல்லை. இணையப் பக்கத்தில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். கே விசை அடுத்த இணைப்புக்கும், டி விசை அடுத்த அட்டவணைக்கும் கொண்டுபோகும். அட்டவணைக்குள் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்தியபடி அம்புக்குறிகளால் கட்டம் கட்டமாக நகரலாம். ஊதியப் பட்டியல் ஒன்று ஒழுங்காக அமைந்திருந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் 'அகவிலைப்படி' என்ற தலைப்பும் அதன் தொகையும் சேர்ந்தே காதில் விழும். தலைப்புக் கட்டங்களை அழகுக்காக ஒன்றாக இணைத்து வைத்திருந்தால் வெறும் எண் மட்டுமே கேட்கும். அந்த எண் படியா, பிடித்தமா என்று கேட்பவருக்குத் தெரியாது. கண்ணால் பார்த்து வேலை செய்பவர் அந்தப் பட்டியலில் எந்தக் குறையும் காணமாட்டார்.

மற்ற மாற்றுத்திறனாளிகளைப் பார்த்தால், கைகளை அசைக்க முடியாதவர்களுக்குக் குரலால் தட்டச்சு, தலையசைவால் நகரும் சுட்டி, காது கேளாதோருக்கு உடனடி எழுத்துரை, காணொளி வழியே சைகைமொழி பெயர்ப்பு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பணியிடத்திலேயே கூடவிருந்து பழக்கும் பயிற்றுநர் என ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தேவைகள் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. அரசுப் பணி இடஒதுக்கீடும் 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்ந்தது; அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும் உரியது. பணியாளருக்கு வேண்டிய நியாயமான வசதிகளைச் செய்துதருவது அரசு அலுவலகங்களின் கடமை என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

பயிற்சி மையங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: வெண்கோலோடு தனியாகப் பேருந்தேறி வரப் பழக்குவது, தட்டச்சு, மின்னஞ்சல், எக்செல், ஆங்கில உரையாடல், நேர்காணல் ஒத்திகை. தமிழ்த் தட்டச்சுக்கு 1999-இல் வந்த 'தமிழ்99' விசைப்பலகை பார்வையற்றோருக்கு மிக வசதியானது. உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கும் அமைந்திருப்பதால் விரல் வழி மாறுவதில்லை. ஆனால் இந்தப் பாடங்களுக்குத் தரப்படும் பயிற்சிக் கோப்புகள் எல்லாமே சுத்தமானவை: ஆங்கிலத்தில் இருக்கும், தலைப்புகள் முறையாக இருக்கும், அட்டவணைகள் ஒழுங்காக இருக்கும். அலுவலகத்தில் முதல் வாரமே மேசைக்கு வரும் கோப்பு அப்படி இருப்பதில்லை. பயிற்சிக்கும் பணிக்கும் நடுவே விழும் பள்ளம் இங்கேதான் தொடங்குகிறது.

பணியில் சேர்வதற்கு முன்பே விண்ணப்பம் என்ற கட்டம் இருக்கிறது. இணையப் படிவத்தில் பொத்தான்களுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால் திரைவாசிப்பான் 'பட்டன், பட்டன், பட்டன்' என்றே சொல்லிக்கொண்டு போகும். படத்தில் உள்ள கோணல் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் சோதனைக்கு ஒலி வடிவம் இல்லையென்றால், முதுகலைப் பட்டதாரியும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியதுதான். கடவுச்சொல்லும் ஆதார் எண்ணும் அந்தப் பையன் கைக்குப் போகின்றன.

படிப்பதற்கான நூல்களின் நிலை ஓரளவு பரவாயில்லை. அச்சு நூலைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவதைப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் அனுமதித்தது. அதே நோக்கத்துக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. சட்டம் வழிவிட்ட பின்னும், போட்டித் தேர்வுக்கான தமிழ் நூல்கள் பல இன்னும் தன்னார்வலர்கள் வாய்விட்டு வாசித்துப் பதிவுசெய்து தரும் ஒலிக்கோப்புகளாகவே மாணவர்களிடம் சுற்றுகின்றன. ஒலிக்கோப்பில் ஒரு பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க முடியாது. தேடு சொல்லைக் கொடுத்து ஓர் ஆண்டைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இனி அலுவலகக் கோப்பு. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் தமிழ்த் தட்டச்சு நடந்தது ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்திய எழுத்துருக்களில். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றைத் தமிழ் வடிவில் தீட்டிக் காட்டும் வேலையை எழுத்துரு செய்கிறது. கண் வடிவத்தைப் பார்க்கிறது. திரைவாசிப்பானோ கோப்பில் இருப்பதை வாசிக்கிறது. அதனால் இரண்டு பக்கச் சுற்றறிக்கை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காதில் கொட்டும். அரசுப் பயன்பாட்டுக்கு ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்துப் பழகிய விரல்களும், பழைய மாதிரிக் கடிதத்தைத் திறந்து தேதியை மட்டும் மாற்றும் வழக்கமும் இன்னும் போகவில்லை.

ஒருங்குறியில் அடித்த கடிதமும் தப்புவதில்லை. அச்செடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, மறுபடி ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்புவதுதான் நடைமுறை. அந்தக் கணத்தில் எழுத்து படமாகிவிடுகிறது. திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் பக்கம். கணினியிலிருந்து நேரே உருவாக்கிய பிடிஎஃப் கோப்புகளிலும் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 'கொடு' என்ற சொல்லில் கொம்பு முன்னால் நிற்கிறது, ககரம் நடுவில், கால் பின்னால். ஒருங்குறியில் ககரம் முதலில் வந்து 'ஒ'கரக் குறி அதைத் தொடரும். சில மென்பொருள்கள் பிடிஎஃப் ஆக்கும்போது பார்வை வரிசைப்படி கொம்பை முதலில் வைத்துவிடுகின்றன. ஒற்றைக் கொம்பு தனியாகவும் 'கா' தனியாகவும் பிரிந்து கேட்கும். இப்படி எகர, ஏகார, ஒகரச் சொற்கள் எல்லாம் உடைந்த பக்கத்தை அரை மணி நேரம் கேட்பவரின் களைப்பை மேலதிகாரி அறிவதில்லை.

விளைவு கொடுமையானது. தகுதியோடு தேர்வெழுதி, இடஒதுக்கீட்டில் முறையாக வந்தவர், பக்கத்து இருக்கைக்காரர் வாசித்துச் சொன்னால்தான் கோப்பைத் தொட முடிகிறது. வாசித்துச் சொல்பவருக்கும் தன் வேலை இருக்கிறது. சில வாரங்களில் 'அவருக்கு ஏன் சிரமம்' என்று கோப்புகள் வேறு மேசைக்குப் போய்விடுகின்றன. கேட்பதற்குக் கருணை போலத் தெரியும் இந்த வழக்கம்தான் ஒருவரைச் சம்பளத்தோடு சும்மா உட்காரவைக்கிறது. பதவி உயர்வு என்று வரும்போது அனுபவம் போதாது என்ற குறிப்பாகவும் அது மாறுகிறது. மடிக்கணினியும் செல்பேசியும் வழங்கும் திட்டங்கள் தேவையானவையே. ஆனால் கருவி வாசிக்க வேண்டிய கோப்பைச் சரிசெய்யாமல் கருவியை மட்டும் கொடுப்பது பாதி வேலை.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் இந்தச் சிக்கலைத் தாமாகவே தீர்த்துவிடும் என்று சொல்வோர் உண்டு. தெளிவான அச்சில் அவை இன்று நன்றாகவே தமிழைப் படிக்கின்றன. நகலின் நகலாக மங்கி, முத்திரை மேலே விழுந்து, ஓரத்தில் பேனாவால் எழுதிய பக்கத்தில் எழுத்துப் பிழை வரும். சொல்லில் வரும் பிழையை ஊகித்துச் சரிசெய்யலாம். ஊதியப் பட்டியலில் 3 என்பது 8 ஆனால் ஊகிக்க வழியில்லை. கையொப்பம் இடுபவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியவை செலவு மிகுந்தவை அல்ல. கையொப்பமிட்ட ஸ்கேன் பிரதியோடு, அடித்த மூலக் கோப்பையும் சேர்த்தே அனுப்பலாம். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் உள்ள பழைய மாதிரிக் கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றும் இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. அலுவலகம் ஒருமுறை மாற்றி வைத்தால் போதும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்குவதற்குப் பதில் தலைப்புப் பாணியில் அமைப்பதும், அட்டவணைக் கட்டங்களை இணைக்காமல் விடுவதும் தட்டச்சு செய்பவர் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடியவை. பயிற்சி மையங்களும் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும். கலைந்த எழுத்துரு எது என்று காதால் கேட்டே அடையாளம் காணவும், அதை மாற்றவும், ஸ்கேன் பக்கத்தை எழுத்தாக்கி எண்களைத் தனியே சரிபார்க்கவும், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி மூலக் கோப்பைக் கேட்டு ஒரு கடிதம் எழுதவும் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். வேலைவாய்ப்புக்காக அலுவலகங்களோடு பேசும் அலுவலர், பணியில் சேரும் நாளுக்கு முன்பே அங்கே புழங்கும் கோப்புகளில் பத்துப் பன்னிரண்டை வாங்கித் திரைவாசிப்பானில் ஓடவிட்டுப் பார்க்கலாம். எந்தப் பிரிவின் கோப்புகள் வாசிக்கக் கிடைக்கின்றன, எவற்றை மாற்ற வேண்டும் என்ற பட்டியல் அன்றே அலுவலகத் தலைவரின் மேசைக்குப் போய்விடும்.