கயிறு யார் கையில்?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ என்றொரு நகரம். குழந்தைகள் சிரித்து மகிழ்வதற்கென்றே டிஸ்னி நிறுவனம் அமைத்த கேளிக்கைப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் கணிப்பொறிப் பிரிவில் வேலை பார்த்தவர்களில் ஏறத்தாழ 250 பேரை 2014 அக்டோபரில் அழைத்தார்கள். பாராட்டு இருக்கும் என்று எண்ணிப் போனவர்களும் அவர்களில் உண்டு. கிடைத்தது பாராட்டு அல்ல, உத்தரவு! "உங்கள் வேலை ஜனவரியோடு முடிகிறது. அதுவரை, உங்கள் இடத்துக்கு வருகிறவர்களுக்கு வேலையைக் கற்றுக் கொடுங்கள்" என்பதே அந்த உத்தரவின் சாரம்.

பத்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவர்கள் அவர்கள். தங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, வந்தவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்து முடித்த அன்று, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். புதிய வேலைகள் பல உண்டாக்கியிருப்பதாக நிறுவனம் சொல்லிற்று. வேலையிழந்தவர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2016 இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. காரணம்? நடந்தது சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது!

தோழர்களே! அந்தப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யார்? இந்தியாவைச் சேர்ந்த ஒப்பந்த நிறுவனத்தின் வழியே, தற்காலிக விசாவில் போனவர். தமிழனாகவும் இருக்கலாம், தெலுங்கராகவும் இருக்கலாம். நம் தெருக்கோடி வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம்.

அதனால்தான் இதை நாம் பேச வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் நம்மவருக்கு எதிர்ப்பு என்று செய்தி வந்தால் நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. நிறவெறி என்கிறோம், பொறாமை என்கிறோம். அதில் நிறவெறி இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது மட்டும்தானா? நம் பிள்ளை போய் உட்கார்ந்த நாற்காலி என்பதற்காக, அதிலிருந்து எழுப்பப்பட்டவனுடைய கண்ணீரை நாம் காணாதது போல் இருக்கலாமா? இங்கே ஆலை மூடினால் வாயிலில் நின்று குரல் கொடுக்கிற நாம், அங்கே ஒருவன் வேலையிழந்தால் வாய்மூடி நிற்பது என்ன நியாயம்?

முதலில் அந்த விசாவைப் பார்ப்போம். எச்-1பி என்பது அதன் பெயர். 1990 இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய குடிவரவுச் சட்டம் அதை உண்டாக்கிற்று. பட்டப் படிப்பு தேவைப்படும் தனித்திறன் வேலைகளுக்கு வெளிநாட்டாரை எடுக்கலாம். ஆண்டுக்கு 65,000 பேர் என்றார்கள். 2004 இல் இயற்றிய சட்டத்தின்படி, அந்நாட்டிலேயே உயர்பட்டம் பெற்றவர்களுக்கென்று மேலும் 20,000 இடங்கள் சேர்ந்தன. பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களுக்கு இந்த உச்சவரம்பு இல்லை. அங்கீகாரம் பெறுகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர். எனவே இது நமக்குத் தொலைதூரத்து வழக்கு அல்ல. நம் வீட்டு வாசல் வழக்கு.

உள்ளூரில் கிடைக்காத திறமையை வெளியிலிருந்து வரவழைப்பதே நோக்கம் என்கிறார்கள். நல்ல நோக்கம்தான். அப்படியானால், கிடைக்காத திறமைக்கு அதிகச் சம்பளம் அல்லவா கொடுக்க வேண்டும்? சந்தையில் கத்தரிக்காய் கிடைக்காவிட்டால் விலை ஏறுமா, இறங்குமா?

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒரே தொழிலில், ஒரே ஊரில் வேலை பார்க்கும் நூறு பேரைச் சம்பளப்படி வரிசையாக நிறுத்துங்கள். குறைந்த சம்பளக்காரர் முதலில். மிகுந்த சம்பளக்காரர் கடைசியில். நெடுங்காலமாக நடந்துவந்த கணக்கின்படி, முதல் படிக்கு வைத்த சம்பளம் அந்த வரிசையின் அடியிலிருந்து 17 ஆவது ஆளுடையது. இரண்டாம் படி, 34 ஆவது ஆளுடையது. 2019 ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து, வாஷிங்டனில் உள்ள பொருளாதாரக் கொள்கை நிறுவனம் 2020 இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்லிற்று? அனுமதி பெற்ற இடங்களில் நூற்றுக்கு அறுபது இந்த இரண்டு கீழ்ப்படிகளில்தான் இருந்தன என்றது. நடு ஆளின் சம்பளத்துக்கும் கீழே! கிடைக்காத சரக்கு, ஆனால் சராசரிக்கும் கீழான விலை. எப்படி இருக்கிறது வாணிபம்?

இன்னொன்றும் கேளுங்கள். இந்த விசாக்காரர்களையே பெரிதும் நம்பி நடக்கும் நிறுவனங்கள், உள்ளூர்க்காரரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இவர்களை வைக்கமாட்டோம் என்று உறுதி கூற வேண்டும் என்றது 1998 ஆம் ஆண்டுச் சட்டம். நல்லது. உடனே ஒரு சந்தும் வைத்தது. ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் கொடுத்துவிட்டால் அந்த உறுதிமொழி வேண்டியதில்லை! 1998 இல் வைத்த அந்த 60,000, கால் நூற்றாண்டு கடந்தும் ஒரு டாலர்கூட ஏறவில்லை. வீட்டு வாடகை ஏறிற்று. ரொட்டி விலை ஏறிற்று. சந்தின் அகலம் மட்டும் குறையவேயில்லை.

ஆர்லாண்டோ ஊழியர் வழக்கில் ஏன் தோற்றார்கள் என்பது இப்போது புரிகிறதா? சட்டத்தை மீறித்தான் ஏய்க்க வேண்டும் என்பதில்லை. ஏய்ப்பதற்கென்றே ஒரு வழி சட்டத்திலேயே இருந்தால் போதும்.

சரி, போன நம் பிள்ளை சுகமாக இருக்கிறானா?

டாலரில் சம்பளம் வாங்குகிறான். ஊரில் வீடு கட்டுகிறான். தங்கை திருமணத்தை நடத்துகிறான். மறுக்கவில்லை. ஆனால் அவன் கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத கயிறு ஒன்று இருக்கிறது. விசாவுக்கு மனுப் போட்டவர் முதலாளி. வேலை போனால், வேறு முதலாளி ஒருவர் மனுப் போட வேண்டும்; அதற்குக் கிடைக்கும் அவகாசம் அதிகமாகப் போனால் 60 நாள். தவறினால் மனைவி மக்களோடு மூட்டை கட்ட வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, பாதி ஆண்டிலே பள்ளி போய்விடும்.

நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான கிரீன் கார்டு கிடைத்தால் கயிறு அறுந்துவிடும். அதற்கும் மனுப் போடுபவர் பெரும்பாலும் முதலாளியே. ஓராண்டில் கொடுக்கும் அட்டைகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை என்பது விதி. சின்னஞ்சிறு நாட்டுக்கும் ஏழு. 140 கோடி மக்கள் வாழும் இந்தியாவுக்கும் ஏழு! ஆகவே நம்மவர் வரிசை பத்தாண்டுக் கணக்கில் நீள்கிறது. அதுவரை என்ன செய்வான்? கூடுதல் நேரம் வேலை பார் என்றால் பார்ப்பான். சம்பள உயர்வு இல்லை என்றால் தலையாட்டுவான். பக்கத்து நாற்காலிக்காரன் அநியாயமாக நீக்கப்பட்டால் பார்த்தும் பாராமல் இருப்பான். கோழையா அவன்? இல்லை. கயிறு அப்படி!

தோழர்களே, இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எதிர்த்துப் பேச முடியாதவன் ஒருவன். அவனைக் காட்டி, பேசத் தெரிந்தவனை வெளியேற்றுகிறார்கள். ஒருவனுடைய கழுத்தில் கட்டிய கயிறுதான் மற்றவனுடைய சம்பளத்தையும் கீழே இழுக்கிறது. கயிற்றின் நுனியைப் பிடித்திருக்கும் கை மட்டும் எவர் கண்ணிலும் படுவதில்லை. கண்ணில் படுவது பக்கத்து நாற்காலியில் இருப்பவனின் முகம், அதன் நிறம், அவன் பேசும் ஆங்கிலத்தின் ஓசை. கோபம் அங்கே போய் விழுகிறது.

இது நேற்று தொடங்கிய கதையும் அல்ல. 1870களின் கடைசியில், சீனர் வெளியேற வேண்டும் என்று கலிபோர்னியாவில் முழங்கியவர் டெனிஸ் கியர்னி. அவர் யார்? தாமே அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்! 1882 இல் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1885 இல் வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், சுரங்கத் தொழிலாளர்கள் சீனத் தொழிலாளர்கள்மீது பாய்ந்தார்கள். 28 சீனர் மாண்டார்கள். அந்தச் சீனரை முன்னர் வேலைநிறுத்தத்தை முறிக்கக் கொண்டுவந்து இறக்கியது ரயில்வே நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு ஏதாவது ஆயிற்றா? ராணுவக் காவலோடு சுரங்கம் மீண்டும் திறந்தது. யாரைக் கொண்டு? சீனரைக் கொண்டே! 1907 இல் பெல்லிங்காம் நகரில் மர ஆலைகளில் உழைத்த இந்தியரை, பெரும்பாலும் சீக்கியரை, ஏறத்தாழ 500 பேர் கொண்ட கூட்டம் அடித்து விரட்டிற்று.

2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலத்தில், ஐதராபாத்திலிருந்து சென்ற பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். என் நாட்டை விட்டு வெளியேறு என்று கத்திக்கொண்டே சுட்டான் கொலைகாரன். உடனிருந்த இந்திய நண்பர் காயமுற்றார். அப்போது அங்கிருந்த அமெரிக்கர் ஒருவர், அவனைப் பிடிக்கப் பாய்ந்தார். அவர் உடம்பிலும் குண்டு பாய்ந்தது. அமெரிக்கா என்றால் நமக்குச் சுட்டவன் முகம் மட்டும் நினைவுக்கு வரக்கூடாது. குறுக்கே பாய்ந்தவன் முகமும் வர வேண்டும்.

2025 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஓர் அறிவிப்புச் செய்தார். வெளிநாட்டிலிருந்து புதிதாக இந்த விசாவில் ஆள் எடுக்க, ஒருவருக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றார். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 88 லட்ச ரூபாய்! உள்ளூர்த் தொழிலாளியைக் காக்க என்றார்கள். காக்குமா? வாசலில் நுழைவுக் கட்டணம் ஏறிற்று. உள்ளே இருப்பவன் கழுத்துக் கயிறு தளர்ந்ததா? இல்லை. வேலையே அமெரிக்காவை விட்டு விமானம் ஏறாமல் கம்பி வழியே சிறுசேரிக்கும் துரைப்பாக்கத்துக்கும் வந்துவிடுவதை அந்தக் கட்டணம் தடுக்குமா? அதுவும் இல்லை.

நமக்கென்ன, வேலை இங்கே வந்தால் நல்லதுதானே என்று யாரேனும் எண்ணினால், ஒரு சேதி சொல்கிறோம். ஆர்லாண்டோவில் அந்த 250 பேர் தங்கள் வாரிசுகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில், 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும், நம் சென்னையில் என்ன நடந்தது? பெரிய கணிப்பொறி நிறுவனம் ஒன்று, அனுபவம் மிகுந்த ஊழியர்களை வெளியே அனுப்பிற்று. கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயர்நீதிமன்றப் படியேறித் தடையாணை பெற வேண்டியிருந்தது. ஆர்லாண்டோவில் உள்ளூர்க்காரன் சம்பளம் அதிகம் என்றார்கள். சென்னையில் மூத்தவன் சம்பளம் அதிகம் என்றார்கள். கடல் நடுவே இருக்கிறது, கணக்கு ஒன்றுதான்.

அந்த அடியில்தான் இங்கே கணிப்பொறி ஊழியர் சங்கங்கள் முளைத்தன. தொழிற்சங்கச் சட்டம் அந்தத் துறைக்கும் பொருந்தும் என்பதை 2016 இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. கழுத்திலே அடையாள அட்டை தொங்கினாலும், கையிலே சுத்தியல் இருந்தாலும், கூலிக்கு உழைப்பவன் தொழிலாளியே என்பதை அவர்கள் பட்டுத்தான் அறிந்தார்கள்.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். மூன்று வேண்டும். வருகிறவனுக்கு உள்ளூர்க்காரனுக்குக் குறையாத, நடுச் சம்பளத்துக்குக் கீழ்ப்படாத ஊதியம் வேண்டும். முதலாளி முகம் பாராமல் வேலை மாறும் உரிமை அவனுக்கு வேண்டும். வந்தவனும் இருந்தவனும் ஒரே சங்கத்தில் உட்கார வேண்டும். இந்த மூன்றும் வந்துவிட்டால், மலிவு என்பதற்காக எவரும் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கமாட்டார்கள், திறமைக்காகவே எடுப்பார்கள். அப்போது போகிற நம் பிள்ளையும் தலைநிமிர்ந்து போவான்.

நடக்கிற காரியமா என்று ஐயுற வேண்டாம். 2020 இல் அமெரிக்க அரசுக்குச் சொந்தமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் கணிப்பொறி வேலைகளை வெளி ஒப்பந்தத்துக்கு விட முனைந்தது. ஊழியர் சங்கம் குரல் கொடுத்தது. அரசியல் அரங்கில் அது பெரும் விவகாரமாயிற்று. ஆகஸ்டில் ஆணையம் பின்வாங்கிற்று. அங்கே சங்கம் இருந்தது. ஆர்லாண்டோவில் அந்த 250 பேர் தனித்தனியே பெட்டி தூக்கினார்கள்.

கடைசியாக ஒன்று. 1966 இல் பம்பாயில் சிவசேனை தோன்றியபோது, எங்கள் எழுத்தர் வேலையையும் தட்டச்சர் வேலையையும் பறித்தவர்கள் என்று யாரைக் காட்டினார்கள்? நம்மைத்தான்! தென்னாட்டார் கடைகள் நொறுங்கின. அந்த அடியின் தழும்பு நம் நினைவில் இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டு, இன்று திருப்பூர்ப் பனியன் கம்பெனி வாசலில் நிற்கும் பீகாரித் தொழிலாளியைப் பாருங்கள். அவனைக் கொண்டுவந்த ஒப்பந்தக்காரன் கையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

அவன் முகத்தைப் பார்த்துக் கை ஓங்குவது எளிது. கயிற்றைத் தேடிப் பிடித்து அறுப்பதுதான் கடினம். கடினமான வேலைக்குத்தானே, தோழர்களே, நாம் சங்கம் வைத்திருக்கிறோம்!